டிசம்பர் 29 வந்தால் ரசீதில் வருடம் மாறுகிறது: தேதி ஃபார்மேட் எழுத்துகள் பற்றி

கீழ்வானம்:

வணக்கம் நண்பர்களே. பள்ளிக் கட்டண ரசீது அச்சிடும் ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறேன். ஜாவாவில் எழுதியது, எனக்கு முன்பு பலர் கை வைத்த நிரல். போன வாரம் தணிக்கைக்காகப் பழைய ரசீதுகளை மறுபடி அச்செடுத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 2024 டிசம்பர் 28 ரசீது 28-12-2024 என்று ஒழுங்காக வருகிறது. மறுநாள் ரசீது 29-12-2025 என்று வருகிறது. 30, 31 இரண்டும் அதே மாதிரிதான். ஜனவரி 1 வந்ததும் 01-01-2025, எல்லாம் சரி. டேட்டாபேஸில் தேதி சரியாகவே இருக்கிறது, அச்சில்தான் கோளாறு.

இன்னொன்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஜெர்மனியில் இருந்து வேலை செய்யும் எங்கள் குழு நண்பர் இதே நிரலைத் தன் கணினியில் ஓட்டினால் 29-ம் தேதி சரியாக வருகிறது. அவருக்கு 30-லிருந்துதான் தப்பு.

தேதி எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன் இதுதான்: சின்ன டி இரண்டு, பெரிய எம் இரண்டு, பெரிய ஒய் நான்கு, நடுவில் சிறுகோடு. (எழுத்துகளைப் பேர் சொல்லியே எழுதுகிறேன். கைபேசியில் தட்டும்போது சின்ன எழுத்து தானாகப் பெரிதாகிவிடுகிறது, இந்த விஷயத்தில் அது ஆளையே கவிழ்த்துவிடும். பதில் எழுதுபவர்களும் அப்படியே எழுதினால் நல்லது.)

பெரிய ஒய்யைச் சின்ன ஒய்யாக மாற்றினால் சரியாகிறது, பார்த்துவிட்டேன். ஏன் என்று தெரிய வேண்டும். இதே போன்ற பேட்டர்ன் இந்த நிரலில் ஏகப்பட்ட இடத்தில் கிடக்கிறது. காரணம் புரியாமல் தேடி மாற்றிக்கொண்டே போக எனக்கு மனமில்லை.

நாட்காட்டி:

காரணத்தைக் கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

சின்ன ஒய் என்பது நாட்காட்டி வருடம். பெரிய ஒய் என்பது வார வருடம். வாரம் 1, வாரம் 2 என்று எண்ணிக் கணக்கு வைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வாரம் இரண்டு வருடத்தில் கிழிந்து கிடக்கக் கூடாது. அதனால் வருடக் கடைசியில் வரும் வாரத்தை முழுசாக ஏதாவது ஒரு வருடத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த வருடம்தான் பெரிய ஒய். வார எண்ணைக் குறிக்கும் சின்ன டபிள்யூவோடு சேர்த்துப் பயன்படுத்த மட்டுமே அது பிறந்தது. ஜாவாவின் பழைய தேதி வகுப்பில் (சிம்பிள்டேட்ஃபார்மேட்) 2011-ல் வந்த 7-ம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதற்கு முன் பெரிய ஒய் போட்டால் பிழை என்று நிரல் நின்றுவிடும், யாரும் ஏமாற வாய்ப்பில்லை.

இனி உங்கள் ஜெர்மனி நண்பர் விஷயம். எந்த வாரம் முதல் வாரம் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐஎஸ்ஓ 8601 தரப்படி வாரம் திங்களில் தொடங்கும், வருடத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே வாரம் 1. ஜெர்மனி அந்த விதியில் இருக்கிறது. இந்தியாவுக்கான தரவில் வாரம் ஞாயிறில் தொடங்கும், புது வருடத்தின் ஒரு நாள் அந்த வாரத்தில் விழுந்தாலே அது வாரம் 1.

2025 ஜனவரி 1 புதன்கிழமை. இந்திய விதிப்படி அந்த வாரம் டிசம்பர் 29 ஞாயிறன்றே தொடங்கிவிட்டது, ஆகவே 29 முதல் 2025. ஜெர்மனி விதிப்படி டிசம்பர் 30 திங்களன்று தொடங்குகிறது, ஆகவே 30 முதல் 2025. இரண்டு கணினியும் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கின்றன. கேட்ட கேள்விதான் வேறு.

நீங்கள் தனியாக இல்லை. 2014 டிசம்பர் 29 அன்று ட்விட்டரின் ஆண்ட்ராய்டு செயலியில் பலர் திடீரென்று வெளியேற்றப்பட்டார்கள். சர்வர் அந்த நாளை 2015 டிசம்பர் 29 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஐஎஸ்ஓ வாரம் 1 சரியாக டிசம்பர் 29 திங்களன்று தொடங்கியது, இதே கதைதான்.

செவ்வந்தி:

கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அண்ணா. எங்கள் ப்ராஜெக்டில் பெரிய டி இரண்டு போட்டிருக்கிறோம், சரியாகத்தானே வருகிறது?

நாட்காட்டி:

எந்த மாதத்தில் சோதித்தீர்கள் தங்கையே? ஜனவரி என்றால் மாதம் முழுக்கச் சரியாகத்தான் வரும். பெரிய டி என்பது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. ஜனவரி 10 என்றால் 10. பிப்ரவரி 10 என்றால் 41. ஜாவாவின் பழைய வகுப்பு 41-02-2025 என்று கூச்சமில்லாமல் அச்சடிக்கும். புதிய வகுப்பு (டேட்டைம்ஃபார்மேட்டர்) ஜாவா 8-ல் நூறாவது நாள் வந்ததும், அதாவது ஏப்ரல் 10 அன்று, இரண்டு இலக்கத்தில் அடங்கவில்லை என்று பிழை எறிந்தது; 9-ம் பதிப்பிலிருந்து அதுவும் 100 என்றே அச்சடிக்கிறது. எனக்கு அந்த 8-ம் பதிப்பின் நடத்தைதான் பிடிக்கும். தப்பாக அச்சடிப்பதைவிட நின்றுபோவது மேல்.

ஆனால் நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் மொமென்ட் நூலகம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பெரிய டி இரண்டு, பெரிய ஒய் நான்கு என்பதுதான் சரி. அங்கே எழுத்துகளுக்கு அர்த்தமே வேறு. இந்தப் பெரிய ஒய் எல்லா இடத்துக்கும் பரவுவது அப்படித்தான்: ஒரு மொழியில் பழகிய கை அடுத்த மொழியிலும் அதையே தட்டும். டேட்-எஃப்என்எஸ் என்ற நூலகம் இரண்டாம் பதிப்பில் யூனிகோட் தரம் வகுத்த தேதிக் குறி எழுத்துகளுக்கு மாறியபோது, பெரிய ஒய் நான்கோ பெரிய டி இரண்டோ கொடுத்தால் "இதைத்தான் கேட்கிறாயா?" என்று பிழை காட்டும்படி செய்தார்கள். எல்லா நூலகமும் இதைச் செய்திருக்க வேண்டும்.

செவ்வந்தி:

மொமென்ட் இல்லை, ஜாவாதான். மாற்றிவிடுகிறேன். நன்றி அண்ணா.

எண்திசை:

வருடத்தைவிட எம் தான் அதிகம் படுத்துகிறது என்பது என் அனுபவம். டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்ப்பவன் என்பதால் அந்தக் கோணத்தைச் சொல்கிறேன்.

ஜாவா, டாட்நெட், யூனிகோட் வழியில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். சி மொழியிலிருந்து வந்த வழியில் (பைத்தான், யூனிக்ஸ் கட்டளைகள் எல்லாம் இதில் அடக்கம்) சதவீதக் குறிக்குப் பின் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். நேர் எதிர். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அதே சதவீதக் குறியை எடுத்துக்கொண்டு நிமிடத்துக்குச் சின்ன ஐ என்று வைத்தது. அங்கே பெரிய எம் மாதத்தின் முழுப் பெயர். பைத்தானில் பழகியவர் அங்கே மணி, நிமிடம் கேட்டால் "10:August" என்பதைப் போல மணிக்குப் பக்கத்தில் மாதப் பெயர் வந்து நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஆரக்கிள் டேட்டாபேஸில் அப்படித் தெரியாது. அங்கே பெரிதும் சின்னதும் ஒன்றே, அதனால் நிமிடத்துக்கு எம்ஐ என்று தனியாக வைத்திருக்கிறார்கள். பழக்க தோஷத்தில் மணி 24, எம்எம், எஸ்எஸ் என்று எழுதினால் நிமிடத்தின் இடத்தில் மாத எண் வந்து உட்காரும். ஆகஸ்டில் எடுத்த அறிக்கையில் எல்லா நேரமும் 10:08, 11:08, 16:08. எண் நியாயமாகத் தெரிவதால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு இடத்தில் வருகைப் பதிவு இப்படி மாதக்கணக்கில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஊழியர் தினமும் 9:08-க்கு வருகிறார் என்று மேலாளர் பாராட்டியதாகக் கேள்வி. செப்டம்பர் முதல் தேதி அவர் 9:09-க்கு வந்தார், எல்லோரும் 09-ல் வந்தார்கள், அப்போதுதான் பிடிபட்டது.

யாராவது நேர அறிக்கை கொடுத்தால் நான் முதலில் நிமிடப் பத்தியைக் கண்ணால் ஓட்டுவேன். 12-க்கு மேல் ஓர் எண்கூட இல்லை என்றால் பேட்டர்னைத் திறந்து பார்க்க வேண்டும்.

பேரேடு:

நான் நிரல் எழுதுபவன் இல்லை, கணக்கர். எக்செல்லிலும் இதே எம் தொல்லை உண்டு என்று சொல்ல வந்தேன். அங்கே பெரிதும் சின்னதும் ஒன்றே. எச்-க்குப் பின்னாலோ எஸ்-க்கு முன்னாலோ எம் வந்தால் நிமிடம், இல்லையென்றால் மாதம். நிமிடத்தை மட்டும் தனியாக எடுக்கலாம் என்று டெக்ஸ்ட் ஃபங்ஷனில் எம்எம் என்று மட்டும் கொடுத்தால், 10:45 என்ற வெறும் நேரத்துக்கு 01 என்று வருகிறது. தேதி இல்லாத நேரத்தை எக்செல் 1900 ஜனவரியாக எடுத்துக்கொள்கிறது, அந்த ஜனவரியின் 01. நிமிடம் வேண்டும் என்றால் மினிட் ஃபங்ஷனைப் பயன்படுத்திவிடுங்கள்.

கூடுதல் நேரக் கூலி போடுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. மணிகளைக் கூட்டி மொத்தம் 26 மணி வந்தால் சாதாரண எச் அதை 2:00 என்றுதான் காட்டும், 24-ஐக் கழித்துவிடும். எச்-ஐச் சதுர அடைப்புக்குள் போட்டால் 26:00 என்று காட்டும். ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி அந்த அடைப்புக்குறியில் இருக்கிறது. தயவுசெய்து கூலிப் பட்டியல் போடுபவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

கேட்க ஒன்றும் இருக்கிறது. கடிதத்தில் கிழமையும் மாதமும் தமிழில் வர வேண்டும் என்றால் என்ன செய்வது? இப்போது ஒவ்வொன்றாகத் தட்டுகிறோம்.

மொழிச்சாளரம்:

பேரேடு ஐயா, பேட்டர்னுக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் டாலர் குறி, கழித்தல் குறி, 449 என்று போடுங்கள். 449 என்பது இந்தியத் தமிழுக்கான எண். அடைப்பை மூடிவிட்டு டி நான்கு போட்டால் கிழமை தமிழில் வரும், எம் நான்கு போட்டால் மாதம் தமிழில் வரும்.

ஒரு எச்சரிக்கை. டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் எழுதும் எழுத்துகள் அந்தக் கணினியின் பிராந்திய அமைப்பு எந்த மொழியில் இருக்கிறதோ அதற்கேற்ப மாறும். ஜெர்மன் அமைப்பில் நாளுக்கு டி (D) இரண்டு அல்ல, நாளைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தான டீ (T) இரண்டு. வருடத்துக்கு ஜே நான்கு. கீழ்வானத்தின் நண்பருக்குக் கோப்பு அனுப்பினால் அங்கே வேறு ஒன்று நடக்கும். அதனால் வெளியூருக்குப் போகும் கோப்பில் டெக்ஸ்ட் ஃபங்ஷனைத் தவிர்த்து, செல்லின் ஃபார்மேட்டாக வைப்பது நல்லது.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். திகதியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நேர வலயத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு நாட்டுக்கும் இது முக்கியம், ஏனென்றால் நாங்கள் அரை மணிக்காரர்.

ஜாவாவின் பழைய வகுப்பில் நேர வலயத்தைக் காட்டும் பெரிய எக்ஸ் ஒன்று மட்டும் போட்டால் +05 என்று வரும். முப்பது நிமிடம் காணாமல் போய்விடும். ஒற்றை எழுத்து என்றால் மணி மட்டும், மிச்சம் விடப்படும் என்று அதன் ஆவணத்திலேயே எங்களுடைய +05:30-ஐத்தான் உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். புதிய வகுப்பில் அதே எக்ஸ் ஒன்று +0530 என்று தரும், நிமிடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும். ஆகவே இலண்டனிலோ பெர்லினிலோ எழுதிப் பரிசோதித்த நிரல் அங்கே ஒழுங்காக ஓடும், இங்கே வந்ததும் அரை மணி பிழைக்கும். எக்ஸ் மூன்று போடுங்கள், +05:30 என்று இரண்டிலும் வரும்.

அடுத்தது இசட். இணையத்திலிருந்து படியெடுத்து ஒட்டுகிற பேட்டர்ன்களில் கடைசியில் ஒற்றை மேற்கோளுக்குள் இசட் இருக்கும். மேற்கோளுக்குள் போட்டால் அது குறி அல்ல, வெறும் எழுத்து. வந்த நேரம் உலகப் பொது நேரம் என்ற செய்தி அங்கேயே தொலைந்துபோகும், உள்ளூர் நேரமாக வாசிக்கப்படும். ஆகஸ்ட் 14, 18:45 இசட் என்று வருவது எங்களுக்கு 15-ம் திகதி 00:15. மேற்கோள் போட்டவருக்கு அது 14-ம் திகதி மாலை 6:45. திகதியே மாறிவிடுகிறது.

இலங்கைக்காரருக்கு இன்னும் ஒன்று உண்டு. 1996 மே மாதம் நேரத்தை +6:30 ஆக்கினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் +6:00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் திரும்ப +5:30-க்கு வந்தோம். 2001-ம் வருடத்துப் பதிவுக்கு +05:30 என்று நிரந்தரமாக எழுதிவைத்தால் அரை மணி பிழை. எண்ணை எழுதாமல் ஆசியா/கொழும்பு என்ற வலயப் பெயரைக் கொடுங்கள், அந்த வரலாறு முழுக்க அதற்குள் இருக்கிறது. ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தையும் நம்ப வேண்டாம். இந்தியாவும் இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்றெழுத்தை வைத்திருக்கின்றன.

கல்தூண்:

எல்லாம் படித்தேன். இவ்வளவு குழப்பத்துக்கு ஒரே வழி இருக்கிறது. எல்லா இடத்திலும் 2024-12-29, 14:30 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் போட்டுவிடுங்கள். திரையில், அச்சில், கோப்பில், எல்லாவற்றிலும். அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். யாருக்கும் எந்த மொழியும் தேவையில்லை.

மொழிச்சாளரம்:

சேமிப்பதற்கும் இயந்திரத்துக்கு இயந்திரம் அனுப்புவதற்கும் நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் எனக்கு வாதமே இல்லை. கோப்புப் பெயர்களுக்கும் அப்படியே. மனிதர் படிக்கிற இடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் பாட்டிக்கு மருத்துவமனையில் கொடுக்கும் சீட்டில் 14:30 என்று இருந்தால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். "பிற்பகல் 2:30, வெள்ளி" என்று இருந்தால் அவரே படிப்பார். மென்பொருள் அவருக்காகத்தானே? அதைச் செய்யக் குறியும் இருக்கிறது, பயன்படுத்த ஆள் இல்லை. சின்ன ஏ என்பது முற்பகல், பிற்பகல் என்ற இரண்டே பிரிவு. பெரிய பி என்று ஒன்று யூனிகோட் தரவில் உண்டு. நாளைப் பல வேளைகளாகப் பிரிக்கும். தமிழுக்கு அதில் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு எல்லாம் இருக்கிறது. ஜாவாவில் 16-ம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. நாம் பேசுகிறபடியே "காலை 10:30" என்று வேளை முன்னால் வர வேண்டும் என்றால், பேட்டர்னைக் கையால் எழுதாதீர்கள். எச், எம், ஏ என்று வரிசை போட்டு எழுதினால் ஆங்கில வழக்கப்படி "10:30 முற்பகல்" என்று தலைகீழாக நிற்கும். என்னென்ன உறுப்புகள் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். வருடம், முழு மாதப் பெயர், நாள் என்று கேட்டால் தமிழுக்கு "15 ஆகஸ்ட், 1947" என்றும் வேறு மொழிக்கு அதனதன் வரிசையிலும் நூலகமே கொடுக்கும். இந்தக் கேட்பைத்தான் ஸ்கெலிட்டன் என்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் Intl என்ற உள்ளமைந்த வசதி வழியாகக் கேட்பதும் இதே கொள்கைதான்.

பேருந்து டிக்கெட் செய்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். 15-ம் தேதி 00:15 வண்டிக்கு "ஆகஸ்ட் 15, இரவு 12:15" என்று அச்சிட்டால் முக்கால்வாசிப் பேர் 15-ம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்கு வருவார்கள். வண்டி முந்தின இரவே போயிருக்கும். எந்தக் குறியும் இதைத் தீர்க்காது. "வியாழன் நள்ளிரவு தாண்டி, வெள்ளி 12:15" என்று வாசகமாகவே எழுதுங்கள்.

கல்தூண்:

டிக்கெட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். எனக்கே தெரிந்த ஒரு குடும்பம் அப்படி வண்டியை விட்டது. ஆனால் தமிழ் மாதப் பெயர்களைத் திரும்ப உள்ளே வாங்கும்போது என்ன செய்வீர்கள்? "ஆக. 15" என்று தட்டினால் நிரலுக்குப் புரியுமா?

மொழிச்சாளரம்:

அங்கேதான் கவனம் வேண்டும். தமிழில் நான் நேரில் பார்த்த சிக்கல்களைச் சொல்கிறேன்.

எம் ஐந்து போட்டால் மாதத்தின் ஒற்றை எழுத்து வடிவம் வரும். தமிழில் ஜூனும் ஜூலையும் இரண்டுமே "ஜூ". "செ" என்பது செப்டம்பர், செவ்வாய்க்கிழமைக்கும் அதே "செ". நாட்காட்டிக் கட்டத்தின் தலைப்பில் வைக்கத்தான் இது. தனியாக ஒரு தேதியில் வைத்தால் வாசகருக்கு எந்த மாதம் என்றே தெரியாது, நிரலுக்கும் தெரியாது.

இடம் போதவில்லை என்று முழுப் பெயரின் முதல் மூன்று எழுத்தை வெட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அது நடக்கும். தமிழில் கணினிக்கு எழுத்து வேறு, நமக்கு எழுத்து வேறு. "பிப்ரவரி"யில் மூன்று என்றால் ப, இகரக் குறி, ப. புள்ளி போய் "பிப" என்று நிற்கும். "செப்டம்பர்" "செப" ஆகும், "ஆகஸ்ட்" "ஆகஸ" ஆகும். "ஏப்ரல்", "அக்டோபர்", "டிசம்பர்" போன்ற சில மட்டும் தற்செயலாக "ஏப்", "அக்", "டிச" என்று சரியாக வரும். எத்தனை தமிழ்ச் செயலிகளில் இந்தப் புள்ளி தொலைந்த மாதங்களைப் பார்த்துவிட்டேன்! எம் மூன்று போட்டால் பிப்., செப்., ஆக. என்று ஒழுங்கான சுருக்கம் புள்ளியோடு கிடைக்கிறது, வெட்டவே வேண்டியதில்லை.

அப்புறம் அக்டோபரின் "டோ". அதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஒப்பிடும்போது இரண்டும் வேறு. பதினொரு மாதமும் சரியாக உள்ளே போய், அக்டோபர் மட்டும் "தவறான தேதி" என்றால் இதுதான். உள்ளே வாங்கியதும் யூனிகோட் இயல்பாக்கம் (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவது) செய்துவிட்டு ஒப்பிடுங்கள். இதைவிட நல்லது, தேதியைத் தட்டச் சொல்லாமல் நாட்காட்டியிலிருந்து தேர்ந்தெடுக்க விடுவது.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. பேட்டர்னுக்குள் எழுத்துகளில் ஒதுக்கி வைக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே. ஆங்கிலச் சொல் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும் என்றால் மேற்கோளுக்குள் போட்டாக வேண்டும். தமிழுக்கு வேண்டாம். நாள் குறிக்குப் பின்னால் "-ஆம் தேதி" என்று அப்படியே எழுதலாம், எந்த எண்ணுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் 1, 2, 3 ஒவ்வொன்றுக்கும் பின்னொட்டு வேறு என்பதால் ஜாவா பேட்டர்னால் அதைச் செய்யவே முடியாது.

ஓலைநறுக்கு:

நிரல் தெரியாது, பழைய பத்திரங்கள் படிக்கிறவன். இழையைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. பழைய தமிழ்ப் பத்திரங்களில் 1932௵ ஆகஸ்ட்௴ 15௳ என்ற மாதிரி எழுதியிருப்பார்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ஒவ்வோர் எண்ணும் தான் யார் என்பதைத் தன்னோடு சுமந்துகொண்டு வரும், வரிசை மாறினாலும் குழப்பமில்லை. மூன்று குறிகளும் யூனிகோடில் 2003 முதல் இருக்கின்றன. யாராவது பத்திர எழுத்துக்கான மென்பொருள் செய்தால் இதை ஒரு தெரிவாகக் கொடுங்கள், நான் முதல் ஆளாகப் பயன்படுத்துவேன்.

மொழிச்சாளரம்:

அருமை ஐயா. இவை ஆங்கில எழுத்துகள் அல்ல என்பதால் பேட்டர்னில் மேற்கோள் இல்லாமல் அப்படியே வைக்கலாம். செய்து பார்க்கிறேன்.

பேரேடு:

449 வேலை செய்கிறது! கடிதம் முழுக்கத் தமிழில் தேதி வந்துவிட்டது. மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம்: ஓய்வூதியர் பட்டியலில் பிறந்த வருடம் இரண்டு இலக்கமாக இருக்கிறது. 43, 47 என்று. மென்பொருள் குழுவிடம் கொடுத்தால் சரியாக எடுத்துக்கொள்வார்களா?

எண்திசை:

கொடுக்காதீர்கள் ஐயா, முதலில் நான்கு இலக்கமாக்கிவிட்டுக் கொடுங்கள். ஜாவாவின் பழைய வகுப்பு இன்றிலிருந்து 80 வருடம் பின்னே, 20 வருடம் முன்னே என்று ஒரு கால வரம்பு வைத்துப் பார்க்கும். 2025-ல் ஓட்டினால் 47 என்பது 1947, ஆனால் 43 என்பது 2043. ஓய்வூதியர் இன்னும் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். அந்த வரம்பு வருடந்தோறும் நகரும் என்பதால் இன்று சரியாக வருபவரும் சில வருடத்தில் மாறுவார். ஜாவாவின் புதிய வகுப்பு இரண்டு இலக்கம் எதுவானாலும் 2000 முதல் 2099-க்குள்தான் வைக்கும். பைத்தான் 69-லிருந்து 99 வரை 1900களில், மற்றதெல்லாம் 2000களில். ஆரக்கிளின் ஆர்ஆர் என்ற வருடக் குறி 50-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. ஒரே மனிதருக்கு ஒவ்வோர் இடத்தில் ஒரு வயது.

நாட்காட்டி:

இதோடு சேர்த்து ஒன்று. பேட்டர்ன் எழுத்து சரியாக இருந்தாலும் உள்ளே வாங்கும்போது ஜாவாவின் பழைய வகுப்பு எதையும் மறுக்காது. நாள், மாதம், வருடம் என்று பேட்டர்ன் வைத்துவிட்டு, அமெரிக்க வரிசையில் 08/15/2024 கொடுத்தால், 15-வது மாதம் என்று எண்ணிக்கொண்டே போய் 2025 மார்ச் 8 என்று எடுத்துக்கொள்ளும். பிப்ரவரி 31 கொடுத்தால் மார்ச்சில் கொண்டு போய்விடும். லீனியன்ட் என்ற தளர்வு முறையை அணைத்தால்தான் மறுக்கும்.

நொடிப் பின்னமும் அப்படியே. 10:20:30.123456 என்று ஆறு இலக்கம் வந்து, பெரிய எஸ் ஆறு போட்டால், அது 123456 மில்லி நொடி என்று படித்து இரண்டு நிமிடத்துக்கு மேல் கூட்டிவிடும். 10:22:33 என்று வரும். புதிய வகுப்பில் பெரிய எஸ் பின்னம்தான், சிக்கல் இல்லை. ஆனால் புதிய வகுப்பை ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான) முறையில் வைத்தால் சின்ன ஒய் நான்கும் வேலை செய்யாது, கி.மு.வா கி.பி.யா என்று சகாப்தம் கேட்கும். அங்கே சின்ன யூ நான்கு போடுங்கள். பழைய வகுப்பில் அதே சின்ன யூவுக்கு அர்த்தம் கிழமை எண். ஒரே மொழிக்குள்ளேயே இப்படி.

கீழ்வானம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நாளாக நிரல் முழுக்கத் தேடினேன். பேட்டர்ன்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன், இனி வேறு எங்கேயும் யாரும் நேராக எழுதக் கூடாது. சேமிக்க, அனுப்ப ஐஎஸ்ஓ ஒன்று. ரசீதில் ஸ்கெலிட்டன் வழியாகத் தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. பெரிய ஒய், பெரிய டி, மேற்கோளுக்குள் இசட் மூன்றில் எது வந்தாலும் பில்ட் நின்றுபோகும்படி செய்திருக்கிறேன்.

சோதனைத் தேதிகளாக இப்போதைக்கு வைத்திருப்பவை: 2024 டிசம்பர் 29, 30. 2021 ஜனவரி 1, அது ஐஎஸ்ஓ வாரக் கணக்கில் 2020-ல் விழுகிறது. பிப்ரவரி 10. ஏப்ரல் 10. அக்டோபரில் ஒரு நாள், இரண்டு விதமான "டோ"வோடு. நள்ளிரவு 00:15, நண்பகல் 12:15. நிமிடம் எப்போதும் 12-க்கு மேல்.

தவறான வருடத்தோடு போன ரசீதுகளுக்குத் திருத்தச் சீட்டு அச்சிட்டுப் பெற்றோருக்கு அனுப்பும்படி பள்ளியிடம் சொல்லியாகிவிட்டது.

நாட்காட்டி:

நள்ளிரவுச் சோதனையில் சின்ன கே எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 24:15 என்று வரும். சின்ன எச் போட்டுவிட்டு வேளைக் குறி போடாத இடங்களையும் தேடுங்கள், மதியம் 2:30-ம் விடியற்காலை 2:30-ம் ஒன்றாகத் தெரியும்.

அந்த ஒரே கோப்பில் ஃபார்மேட்டர் ஆப்ஜெக்டை ஸ்டாடிக்காக (நிரல் முழுக்கப் பொதுவாக ஒன்றே) வைத்திருக்கிறீர்களா? பழைய வகுப்பு என்றால் இரண்டு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் தொட்டாலே ஒருவர் தேதி இன்னொருவர் ரசீதில் வந்துவிடும்.

கீழ்வானம்:

ஸ்டாடிக்தான். பழைய வகுப்புதான். இன்றே புதிய வகுப்புக்கு மாற்றத் தொடங்குகிறேன். அதில் வரும் சந்தேகங்களுக்குத் தனி இழை திறக்கிறேன் அண்ணா.